புதுப்பிப்பு: அம்மாவைக் கொடிமலைக்கு ஏற்றியாச்சு

முழங்கால் வலியும் உயரம் என்றால் பயமும் உள்ள அம்மாவைப் பினாங்குக் கொடிமலை ரயிலில் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். போய் வந்துவிட்டோம்.

மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் நிலையத்தில் ஏறினோம். நடைமேடையே படிக்கட்டு மாதிரி சரிந்திருக்கும். முழங்காலுக்கு அதுதான் சோதனை. பெட்டி நகர்ந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவர்தான், வளையல் தடம் பதிந்துவிட்டது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். நடுவழியில் எதிர்ப்பெட்டி உரசுவதுபோல விலகிப் போனபோது அம்மா கண்ணைத் திறந்தார்.

"அந்தக் காலத்துல பாதியில இறங்கி வேற வண்டி மாறணும்டா," என்றார். உண்மைதான். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில். 2011-க்குப் பிறகுதான் ஒரே மூச்சில் மேலே போகிறது.

மேலே முருகன் கோயில். பக்கத்திலேயே பள்ளிவாசல். குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். காது அடைத்ததைத் தவிர வேறு புகார் இல்லை. அப்புறம், இறங்கும்போது முன்வரிசைதான் வேண்டும் என்று அடம்.