கற்பனை மொழி: விகுதி சேர்த்தால் இரண்டு சொல் ஒன்றாகிவிடுகிறது, உதவி வேண்டும்

கேட்டவர்:

வணக்கம். எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு மலைக்கூட்டம் வருகிறது. அவர்களுக்கென்று ஓரெய் என்று ஒரு மொழி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒலி விதி இரண்டே இரண்டுதான். உயிரில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் விகுதி சேர்ந்தால் சொல்லின் கடைசி உயிர் கெடும் (காடு + இல்லை, காடில்லை ஆகிறதே, அதையே எல்லா உயிருக்கும் நீட்டிவிட்டேன்). அப்புறம், இகரத்துக்கு முன்னால் நிற்கும் ன், ஞ் ஆகும். பன்மைக்கு -இர், நான்காம் வேற்றுமைக்கு -ஓ.

சிக்கல் இதுதான். மெனா என்றால் பறவை. மெனி என்றால் ஈட்டி, இரண்டாவது விதிப்படி தனியாக நிற்கும்போது அது மெஞி என்று ஒலிக்கும். இதுவரை சரி. விகுதி சேர்த்தால் 'பறவைக்கு', 'ஈட்டிக்கு' இரண்டுமே மெனோ. 'பறவைகள்', 'ஈட்டிகள்' இரண்டுமே மெஞிர். போர்க் காட்சியில் காவலன் மெஞிர் வருது என்று கத்தினால் எல்லாரும் கேடயத்தைத் தூக்குவதா, வானத்தை வேடிக்கை பார்ப்பதா?

இன்னொன்று. பரா என்று இரண்டு சொல் வைத்திருக்கிறேன், உப்புக்கு அழுத்தமான ப, உறைபனிக்கு 'பாம்பு' என்பதன் இரண்டாவது பகரம் மாதிரி மெலிந்த ப. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், வாசிப்பவருக்கு வித்தியாசமே தெரிய வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

விதிகளில் கோளாறு இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் உயிரைக் கெடுத்துவிட்டு அப்புறம் ஞகரம் ஆக்குகிறீர்கள். திருப்பிப் போடுங்கள். மெனி முதலில் மெஞி ஆகட்டும், பிறகு -ஓ வந்து இகரத்தைத் தள்ளட்டும்: மெஞோ. மெனாவில் இகரமே இல்லாததால் அது மெனோ. பன்மையிலும் அப்படித்தான். மெனா + இர், விதி ஓடும்போது ன் பக்கத்தில் ஆகாரம் இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகாது, அப்புறம் ஆகாரம் கெட்டு மெனிர். ஈட்டிகள் மெஞிர். நான்கும் தனித்தனி.

ஞகரத்தைக் கொண்டுவந்த இகரம் காணாமல் போய் ஞகரம் மட்டும் மிஞ்சுவது செயற்கையாகத் தெரியும், ஆனால் மனித மொழிகளில் இது சாதாரணம். ஆங்கிலத்தில் ஃபுட் (பாதம்) பன்மையில் ஃபீட் ஆவது இப்படி வந்ததுதான். பழைய பன்மை விகுதியில் இருந்த இகரம் முன்னால் இருந்த உயிரை மாற்றியது, பிறகு இகரம் தேய்ந்து மறைந்தது, மாறிய உயிர் தங்கிவிட்டது. மௌஸ், மைஸ் கதையும் இதே.

வேறொருவர்:

எனக்கு இது தேவையில்லாத பாடு என்று படுகிறது. நாவலில் மொத்தமாக இருபது முப்பது சொல் வரும். ஈட்டிக்கு வேறு சொல் வைத்துவிட்டால் முடிந்தது. வாசகர் யாரும் பென்சிலோடு உட்கார்ந்து விகுதி பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

முதலில் பதில் சொன்னவர்:

இந்த ஒரு சொல்லை மாற்றலாம், ஆனால் -னா, -னி என்று முடியும் அடுத்த ஜோடியிலும் இதே மோதல் வரும், ஒவ்வொரு தடவையும் சொல்லை மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா? வரிசையை மாற்றுவது ஒரு தடவை வேலை. பிரித்துப் பார்க்கும் வாசகர்களும் இருக்கிறார்கள், ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் கிளிங்கன் என்ற கற்பனை மொழிக்கு மார்க் ஓக்ரண்ட் 1985இல் அகராதி வெளியிட்ட பிறகு அதைப் படித்துப் பேசவே ஒரு கூட்டம் கிளம்பியது.

மூன்றாமவர்:

பரா விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் அச்சான வடமொழித் தோத்திரப் புத்தகங்களில் ப², ப³, ப⁴ என்று எண் போட்டிருப்பார்கள், மூன்று போட்டால் நீங்கள் சொல்லும் மெலிந்த ஒலி. அதை நாவலில் செய்யாதீர்கள், பக்கம் கணக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

என் யோசனை, தமிழ் எழுத்தால் காட்ட முடியாத வேறுபாட்டை மொழியிலிருந்தே எடுத்துவிடுங்கள். தமிழ் வாசகர் சொல் முதலில் ப வந்தால் பெரும்பாலும் அழுத்தியும், மெல்லினத்துக்குப் பின் வந்தால் மெலித்தும்தான் வாசிப்பார், அந்தப் பழக்கத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. பழக்கத்தையே பயன்படுத்துங்கள். உறைபனியை ம்பரா என்று எழுதினால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே மெலித்து வாசிப்பார்கள். சொல் முதலில் மெய் வருவது தமிழ் மரபில் இல்லை, அதனாலேயே அயல் மொழி என்ற வாசனையும் கிடைக்கும். சுவாஹிலியில் நாய்க்கு ம்புவா என்பார்கள், இயல்பான ஒலிதான்.

இதைவிட முக்கியமாகச் சொல்ல நினைப்பது: கற்பனை மொழி என்றாலே நாம் ஆங்கில எழுத்தில் யோசித்துவிட்டுத் தமிழுக்கு மாற்றுகிறோம். நம் எழுத்தில் மெல்லினமே ஆறு இருக்கிறது. ர, ற, அப்புறம் ல, ள, ழ. எகரமும் ஒகரமும் குறில், நெடில் என்று தனித்தனி. சொற்களை இந்த வேறுபாடுகளின் மேல் கட்டினால் ஒரு குறியும் இல்லாமல் நூற்றுக்கணக்கில் ஜோடி கிடைக்கும். உங்கள் ன், ஞ் விதி அந்த வகையில் நல்ல விதி, கண்ணுக்கே தெரிகிறது. பேச்சுத் தமிழில் அறிந்தான் அறிஞ்சான் ஆகிறது, நடந்தான் அப்படியே நிற்கிறது, ஆக இகரம் செய்யும் இந்த வேலை வாசகருக்குப் பழகின காதுதான்.

கேட்டவர்:

ம்பரா பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். வரிசையையும் மாற்றிவிட்டேன், பெயர்ச்சொல் எல்லாம் பிரிந்து நிற்கிறது. ஆனால் வினையில் இடிக்கிறது. தூன் என்றால் ஏறு, இறந்தகாலம் -இத், அதனால் தூஞித். ஆனால் பறவைகள் மெனிர். இரண்டிலும் ன் பக்கத்தில் இகரம் இருக்கிறது, ஒன்றில் மாறுகிறது, ஒன்றில் மாறவில்லை. மெய்ப்பு பார்ப்பவர் இதை அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார் போலிருக்கிறதே?

முதலில் பதில் சொன்னவர்:

திருத்த விடாதீர்கள், இரண்டும் ஒரே வரிசையில் இருந்துதான் வருகிறது. தூன் மெய்யில் முடிகிறது, -இத் சேர்ந்த உடனே இகரம் ஒட்டி நிற்கிறது, அதனால் மாறுகிறது. மெனாவில் நடுவில் ஆகாரம் குறுக்கே இருந்தது, அது கெடும்போது ஞகர விதி ஓடி முடிந்துவிட்டது. மொழியின் வரலாறாக யோசித்தால் இன்னும் சுலபம், ஞகர விதி பழையது, செத்துப்போனது, உயிர் கெடும் விதி பிறகு வந்தது. அப்படி வைத்தால் இன்னொரு வசதி, சமவெளி ஆட்களிடமிருந்து ஓரெய்க்காரர்கள் புதிதாகக் கடன் வாங்கிய சொற்களில் னி மாறாமல் நிற்கும், எது சொந்தச் சொல், எது வந்த சொல் என்று அதை வைத்தே காட்டலாம்.

மூன்றாமவர்:

கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்துக்கொள்ளலாம். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. இ, எ போன்ற முன்னுயிருக்கு முன்னால் இருந்த பழைய ககரம் தமிழில் சகரம் ஆனது. ஆனால் கிளி, கெடு, கீழ் மாறவில்லை, ஏனென்றால் அடுத்து ள, ட, ழ என்று நாக்கு வளையும் ஒலி வருகிறது. ஓரெயிலும் அடுத்த மெய் ள, ட, ழ என்றால் ஞகரம் ஆகாது என்று வைத்துப் பாருங்கள், ஆனால் அகராதியில் ஏற்கெனவே எழுதிய சொற்களை அதற்கு ஏற்ப ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:

பார்த்தேன், எனிழ், சோனிடா இரண்டுதான் சிக்கியது. இரண்டும் ஊர்ப்பெயர், மாறாமலே நிற்கட்டும். நன்றி.