கம்ப்யூட்டர்ல சொருகுற சாமானுக்கு டிரைவர் (அதை வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேர்) கிடைக்காம அலைஞ்ச கதை இருந்தா போடுங்க

கல்லாப்பெட்டி:
கடை எடைத்தராசை பில்லிங் கம்ப்யூட்டரோட இணைக்க ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரில்லாத யுஎஸ்பி டு சீரியல் கேபிள் ஒண்ணு வாங்குனேன், கூடவே ஒரு குட்டி சிடி, அதைப் போட கம்ப்யூட்டர்ல எடமே இல்ல, சரின்னு சொருகினா விண்டோஸ் 10 தானாவே டிரைவர் போட்டுக்கிச்சு ஆனா தராசு பேசல. மாட்டியிருக்கிற சாமானையெல்லாம் காட்டுற டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம். பக்கத்துல போர்ட் பேர் இருக்கவேண்டிய எடத்துல இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல, இந்தச் சிப் 2012லயே நிறுத்தியாச்சு, உங்க சப்ளையரைப் பாருங்கன்னு இருக்கு. சப்ளையரா? பிளாட்பாரத்துல தார்ப்பாய் விரிச்சு வித்தவருங்க அவரு! வரிசையில நின்ன அம்மா வேற "தம்பி வெங்காயத்தப் போடுறியா இல்லியா"ங்கிறாங்க. பழைய வெர்ஷன் டிரைவர் போட்டதும் ஓடுச்சு. ஆனா அந்த வரிய நினைச்சா இன்னும் எரியுது.

பட்டன்போன்:
எனக்கு வைஃபை டாங்கிள், யுஎஸ்பில சொருகி வைஃபை புடிக்கிற குட்டி சாமான். நெட் வர டிரைவர் வேணும், டிரைவர் நெட்ல இருக்கு. போனை மாட்டி டெதரிங் பண்ணி இறக்குனப்புறம்தான் பாக்குறேன், புதுசா ஒரு சிடி டிரைவ் தெரியுது. டாங்கிளுக்குள்ளயே டிரைவரை வச்சு அனுப்பிருக்கானுங்க, அட்டையில ஒரு வார்த்தை இல்ல!

சால்டரிங்_அண்ணன்:
@கல்லாப்பெட்டி இதுக்கே எரியுதா? 2014 அக்டோபர்ல எஃப்டிடிஐங்கிற சிப் கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியா விட்ட டிரைவர் அவங்க சிப்போட போலியில இருந்த பிராடக்ட் ஐடியையே, அதாவது கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுக்கிற நம்பரையே 0000ன்னு மாத்திடுச்சு, வேற கம்ப்யூட்டர்ல சொருகினாலும் கண்டுக்காது. சத்தம் கிளம்பினதும் வாபஸ் வாங்குனாங்க. உங்களுக்கு வெறும் எழுத்தோட போச்சு. எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, மஞ்சள் முக்கோணத்து மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதுல ஹார்ட்வேர் ஐடீஸ். விஐடி (கம்பெனி நம்பர்) 1ஏ86, பிஐடி (பிராடக்ட் ஐடி) 7523ன்னு இருந்தா சிஎச்340 சிப், அதைத் தயாரிக்கிற டபிள்யூசிஎச் சைட்லயே டிரைவர் ஃப்ரீ. டிவைஸ் மேனேஜர் காட்டுற எரர் கோட் 28னா டிரைவரே இல்லன்னு அர்த்தம், கோட் 10னா டிரைவர் இருக்கு ஆனா டிவைஸ் கிளம்பல, அப்போ வேற வெர்ஷன் போட்டுப் பாக்கலாம். டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரம் வர்றதை மட்டும் தொடாதீங்க. என் நானோ போர்டுக்கும் (குட்டி எலக்ட்ரானிக்ஸ் போர்டு) டிரைவர் இப்படித்தான் கெடச்சுது, என் கதை அவ்ளோதான்.

கல்லாப்பெட்டி:
அண்ணே நான் வழியே கேக்கலயே, ஓடுச்சுன்னுதான சொன்னேன். அப்புறம் ஒரு அப்டேட் வந்து மறுபடி புது டிரைவரைப் போட்டுட்டுப் போயிருச்சு, அது வேற விஷயம்.

சால்டரிங்_அண்ணன்:
லினக்ஸ் போடுங்க தம்பி, இந்தச் சிப்புக்கெல்லாம் டிரைவர் கெர்னல்லயே, அதாவது லினக்ஸோட மையப் பகுதியிலயே இருக்கு.

கல்லாப்பெட்டி:
பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தாண்ணே ஓடும்.