நேரடியாக விற்ற டர்போ வண்டி வழியில் நின்றால் யார் பொறுப்பு? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:

புரோக்கர் இல்லாமல் நேராக ஆள் பார்த்து வண்டி விற்றவர்களுக்கும், விற்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குடும்ப வண்டி கை மாறும்போது வருகிற தகராறு ஒரு மாதிரி. டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் என்று வேகத்துக்காகவே வாங்குகிற வண்டியில் வருவது வேறு மாதிரி. வாங்கியவர் முதல் வாரமே மலையில் ஏற்றி மிதித்துப் பார்த்துவிடுவார். ஏதாவது போய்விட்டால், விற்றவன் மறைத்துவிட்டான் என்று முடிவு செய்த பிறகுதான் நமக்கு போன் போடுவார்.

என்னுடையது 1.2 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், ஏழு கியர் டிரை கிளட்ச் (ஆயிலில் மூழ்காத கிளட்ச்) ஆட்டோமேட்டிக், ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டது, அதாவது கூடுதல் பவருக்காக என்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றியது. டவுன் டிராஃபிக்கில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது லேசாக உதறும், இந்த வகை கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வாங்க வந்தவர் நாமக்கல் பக்கத்துப் பையன், வேலைக்குப் போய் சேர்த்த பணம் என்று சொன்னார். உதறலை முதலிலேயே சொன்னேன், காந்திபுரம் நெரிசலில் அவரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனரை அவர் போட்டுப் பார்த்தார். அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். டெலிவரி நோட்டில் கிலோமீட்டர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, ரீமேப் செய்த வண்டி, கியர் உதறல் உண்டு, வாங்குபவரின் மெக்கானிக் பார்த்த பிறகு விலை பேசப்பட்டது என்றும் தமிழிலேயே எழுதினேன். உதறலுக்காக விலையும் குறைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன். கொல்லிமலை ஏறும்போது வண்டி நின்றுவிட்டது, கியரே விழவில்லை. அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. டிரை கிளட்சுக்கு அதைவிடக் கடினமான சோதனை நம் ஊரில் குறைவுதான். "அண்ணா, என்ன அண்ணா இப்படி ஆயிடுச்சு" என்று ஆரம்பித்த பையன், கம்பெனி சர்வீஸ் சென்டரில் மெக்கட்ரானிக்ஸ் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் யூனிட்) முழுசாக மாற்ற வேண்டும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொன்ன பிறகு, பாதிப் பணம் தரச் சொன்னார். முடியாது என்றேன். அடுத்த போன் அவருடைய மாமாவிடமிருந்து: "வண்டிய எடுத்துக்கிட்டு காசத் திருப்பிக் குடுங்க, இல்லைன்னா நாங்க வேற மாதிரி பாத்துக்கறோம்."

ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர். போட்டு என்னை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். இங்கேதான் நிறைய பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், எனக்கு அது தாங்க முடியாத விஷயம். தப்பே செய்யாதவர், வீட்டில் வயசான அம்மா அப்பா பயப்படுகிறார்களே என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்ததை என் நட்பு வட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். இல்லை. மோசடி என்று வழக்குப் போட, முன்பு 420, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதாவின் 318, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். நான் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டெலிவரி நோட்டையும் மேஜை மேல் வைத்தேன். எஸ்.ஐ. பொறுமையாகப் படித்துவிட்டு, "இது சிவில் விவகாரம், வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது, என் வக்கீல் மூலம் பதில் போனது, அதோடு நின்றது.

பதிலில் இரண்டு விஷயம் முக்கியமாக இருந்தது. ஒன்று, 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. பொருளின் தரத்துக்குத் தானாக எந்த உத்தரவாதமும் வராது என்பதுதான் அதில் பொது விதி. விதிவிலக்கு பெரும்பாலும் அதையே தொழிலாகச் செய்கிறவருக்குத்தான். சொந்த உபயோக வண்டியை ஒரு தடவை விற்கிற நான் அதில் வரமாட்டேன். இரண்டாவது, அவர்களே எடுத்து அனுப்பிய சர்வீஸ் சென்டர் ஸ்கேன். அந்த வண்டியில் ஃபால்ட் கோட் (கோளாறைக் குறிக்கும் குறியீடு) விழும்போது அப்போதைய கிலோமீட்டரும் சேர்ந்து பதிவாகும். கிளட்ச் அதிகச் சூடு என்ற முதல் ஃபால்ட் கோடும், கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் இறங்கிய ஃபால்ட் கோடும் டெலிவரி நோட்டில் நாங்கள் எழுதிய கிலோமீட்டருக்குப் பிறகு விழுந்தவை. என் கையில் இருந்தபோது அந்தக் கோளாறு இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெக்கட்ரானிக்ஸில் ஆயில் பிரஷரைத் தேக்கி வைக்கும் அக்குமுலேட்டர் உட்காருகிற அலுமினிய ஹவுசிங் விரிசல் விடுவது இந்த வகை பாக்ஸில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. ரீமேப் இல்லாத வண்டியிலும் போகும், நிதானமாக ஓட்டினாலும் போகும். அது போகப் போகிற நாளை நானும் சொல்ல முடியாது, அவர் மெக்கானிக்கும் சொல்ல முடியாது. இரண்டு லட்சம் என்றதும் அவர் பதறியது நியாயம். எல்லாம் அடங்கிய பிறகு, ஹவுசிங்கை மட்டும் மாற்றிக் கொடுக்கிற ஒரு தனியார் கேரேஜின் நம்பரை அவருக்கு அனுப்பினேன். முதலில் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. வண்டி இன்றும் அவரிடம்தான் ஓடுகிறது.

மதுரையிலிருந்து:

நான் எதிர்ப்பக்கம், வாங்கினவன். உங்களிடம் வாங்கிய பையனுக்கு எல்லாம் எழுத்தில் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைத்த ஆள் அப்படி இல்லை. 2 லிட்டர் டர்போ செடான். பேசும்போதே வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்டேன்: என்ஜின் வேலை ஏதாவது நடந்திருக்கிறதா, ஆக்சிடென்ட் உண்டா? "இல்லவே இல்லை, சிங்கிள் ஓனர், பக்கா மெயின்டெனன்ஸ்" என்று பதில். எடுத்து வந்து கொஞ்ச நாளில் நீலப் புகை, ஆயில் குடிக்க ஆரம்பித்தது. சேஸ் நம்பரை வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்தால், ஏற்கெனவே ஒரு தடவை டர்போ மாற்றியிருக்கிறார்கள், முன்பக்கம் பெரிய இன்ஷூரன்ஸ் கிளைமும் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. வண்டி பார்க்கப் போன அன்று என் நண்பர் ஸ்கேனரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு ஃபால்ட் கோடும் இல்லை, ஆனால் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) எல்லாம் "முடியவில்லை" என்று காட்டியது. சமீபத்தில்தான் ஃபால்ட் கோடுகளை அழித்திருக்கிறார்கள் என்பதற்கு அது அறிகுறி. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும், அதனால் அது மட்டும் ஆதாரமாகாது, ஆனால் மற்றதோடு சேர்த்துப் பார்த்தால் போதும். எல்லா மானிட்டரும் முடிந்த வண்டியைக் காட்டுங்கள் என்று விற்பவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது, தெரிந்தே பொய் சொல்வதும் மூடி மறைப்பதும் மோசடி என்பது அந்தப் பிரிவு. அவர் வக்கீல் 19-வது பிரிவைக் காட்டி, கொஞ்சம் விசாரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்று பதில் போட்டார். அந்தச் சலுகை தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும் மௌனத்துக்கும்தான், நேரடிப் பொய்க்கு இல்லை என்று எங்கள் வக்கீல் திருப்பி எழுதினார். வாட்ஸ்அப் உரையாடலை கோர்ட்டில் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்று வேண்டும் (பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி), அதனால் போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல் வைத்திருந்தேன். கோர்ட்டுக்குப் போகும் முன்பே அவர் டர்போ செலவில் பெரும்பகுதியைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டார். அவர் அந்த டர்போ விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தால்கூட நான் வாங்கியிருப்பேன், கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

சென்னையிலிருந்து:

கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் பணத்தோடு போகிற பிரச்சினை. ஆர்.சி. மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் அண்ணன் விற்ற வண்டியை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மூன்றாவது ஆளுக்கு. யாரும் பெயர் மாற்றவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விபத்து, இன்ஷூரன்ஸும் காலாவதி, சம்மன் அண்ணன் பெயருக்கு வந்தது. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர். வேக வண்டியில் இந்த ஆபத்து எவ்வளவு பெரிசு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். கடைசிப் பகுதிப் பணம் பெயர் மாறிய பிறகுதான் என்று வாங்குபவர் நிறுத்தி வைத்தாலும் சரி, அல்லது நீங்களே கூடப் போய் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாலும் சரி. பதிவு பெற்ற பழைய வண்டி டீலரிடம் கொடுப்பதானால், 2023 ஏப்ரலிலிருந்து 29சி படிவம் மூலம் ஒப்படைத்ததைப் பதிவு செய்ய வழி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து:

நான் அடுத்த மாதம் என் வண்டியைக் கொடுக்கப் போகிறேன், இதுவும் ரீமேப் போட்டதுதான். டெலிவரி நோட்டில் "வண்டி உள்ள நிலையில் விற்கப்பட்டது" என்று எழுதினால் போதுமா? விற்கும் முன் ரீமேப்பை எடுத்துவிட்டு பழைய ஃபைல் ஏற்றிவிடலாமா?

கோவையிலிருந்து:

அந்த ஒரு வரி மட்டும் போதாது. மதுரை நண்பர் சொன்ன மாதிரி தெரிந்த கோளாறை மறைத்திருந்தால் "உள்ள நிலையில்" என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. ரீமேப்பைத் தாராளமாக எடுங்கள், ஆனால் இருந்தது என்பதையும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் எழுதுங்கள். எடுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அதுவே மறைத்ததாக ஆகிவிடும், வாங்குகிறவருக்கும் கியர்பாக்ஸ் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக் கீழே தருகிறேன், உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்:

"இந்த வண்டியில் இத்தனை கிலோமீட்டர் வரை ஸ்டேஜ் 1 ரீமேப் இருந்தது, இந்தத் தேதியில் நீக்கப்பட்டது. எனக்குத் தெரிந்த கோளாறுகள் இவை. மாற்றிய பெரிய பாகங்கள் இவை, பில் இணைக்கப்பட்டுள்ளது. வாங்குபவர் தன் மெக்கானிக்கைக் கொண்டு பார்த்து, ஓட்டிப் பார்த்து, ஸ்கேன் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டு, இதையெல்லாம் கணக்கில் எடுத்தே விலை ஒப்புக்கொண்டார். ஒப்படைக்கும்போது கிலோமீட்டர் இவ்வளவு, நேரம் இது. இதற்குப் பின் வரும் பழுதுக்கு உத்தரவாதம் எதுவும் தரப்படவில்லை."

இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தும், மெக்கானிக் வந்திருந்தால் சாட்சியாக அவர் கையெழுத்தும் வாங்குங்கள். பணம் முழுவதும் வங்கி வழியாக வரட்டும்.