ஆயுத பூஜைப் பொரியும் அப்போஸ்தலர் 15:29-உம்

பரணிக்கரை:
பக்கத்துத் திரியில் சகோ. பெரோயன் தீர்ப்பு எழுதியிருக்கிறார்: ஆபீசில் ஆயுத பூஜைப் பொரியைக் கைநீட்டி வாங்குகிற கிறிஸ்தவன் அப்போஸ்தலர் 15:29-ஐ மீறுகிறானாம், மத நல்லிணக்கத்துக்காகக் கட்டளையை வளைக்கக் கூடாதாம். சரி, அந்த வசனத்தையே எடுப்போம். அதில் விலக்கச் சொன்னது நான்கு. விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். எருசலேமில் அப்போஸ்தலர் கூடி முடிவெடுத்து, யூதரல்லாத கிறிஸ்தவர்களுக்கு எழுதியது. நான்கும் ஒரே கடிதம், ஒரே வாக்கியம். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புகிற வழியில் கறியோடு தூக்குவாளியில் ஆட்டு ரத்தமும் வாங்கி, உப்புப் போட்டு உறையவிட்டு, வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வதக்குகிறார்களே, அது எதில் சேர்த்தி? பொரிக்கு நரகம், பொரியலுக்கு ஸ்தோத்திரமா?

பெரோயன்:
நக்கல் அடித்தால் வசனம் மாறிவிடாது சகோ. ரத்தத்தை ஏன் விலக்கினார் என்று லேவியராகமம் 17:11 சொல்கிறது: அது பலிபீடத்தில் பாவநிவிர்த்திக்காகக் கொடுக்கப்பட்டது. பலி சிலுவையில் முடிந்தது, அதைச் சார்ந்த விலக்கும் முடிந்தது. விக்கிரகம் பத்துக் கட்டளையில் இருக்கிறது. அது மட்டுமா, வெளிப்படுத்தல் 2:14-இல் பெர்கமு சபைக்கும் 2:20-இல் தியத்தீரா சபைக்கும் படைத்ததைப் புசித்ததற்காகவே கண்டனம் வருகிறது. ரத்தம் சாப்பிட்டதற்காக எந்தச் சபைக்காவது கண்டனம் உண்டா? வசனம் காட்டுங்கள்.

பரணிக்கரை:
காட்டுகிறேன். ஆதியாகமம் 9:4. மாம்சத்தை ரத்தத்தோடு புசிக்க வேண்டாம் என்று ஜலப்பிரளயம் வடிந்ததும் நோவாவுக்குச் சொன்னது. லேவியும் இல்லை, ஆசரிப்புக் கூடாரமும் இல்லை, மோசே பிறக்கவே இல்லை. உங்கள் "பலிபீடம் முடிந்தது" கணக்கு அங்கே உதைக்கிறது. ரத்தப் பொரியல் எதில் சேர்த்தி? பதில் வரவில்லை.

மாதாகோயில்தெரு:
கத்தோலிக்கருக்கு இந்தத் தலைவலி கிடையாது. புளோரன்ஸ் பொதுச்சங்கம் 1442-லேயே சொல்லிவிட்டது: ரத்தத்தையும் நெரித்துக் கொன்றதையும் விலக்கச் சொன்னது, யூதர்களும் பிற இனத்தாரும் ஒரே சபையில் உட்கார வேண்டியிருந்த அந்தக் காலத்துக்காக, காரணம் போனது, விலக்கும் போனது. அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே, நெரித்த பறவையைத் தொட மாட்டேன் என்கிறவனைப் பார்த்து மற்ற கிறிஸ்தவர்கள் சிரிக்கிறார்கள் என்று புனித அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். கட்டளை காலத்துக்கேற்ப மாறியது, மாற்றியவர்கள் அதை மறைக்கவும் இல்லை.

பெரோயன்:
ஒரு சங்கம் கூடி அப்போஸ்தலர் கடிதத்தை அடித்துத் திருத்தும், அதற்குப் பெயர் விசுவாசமா? கிழக்குத் திருச்சபையில் 692-இல் கூடிய துருல்லோ சங்கம் 67-ஆம் விதியில் நேர் எதிராகச் சொன்னது. ரத்தத்தைச் சமைத்துத் தின்கிற குருவுக்குப் பதவி பறிப்பு, சபையாருக்கு விலக்கம். எந்தச் சங்கம் சரி, சீட்டுக் குலுக்கலாமா?

பரணிக்கரை:
ஆகா! துருல்லோவை இழுத்து வந்ததே நீங்கள்தான். அந்த விதிப்படி நீங்களும் சபைக்கு வெளியே, உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாணலியும் வெளியே. நன்றி சகோ.

மடப்பள்ளி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எதைப் "படைத்தது" என்கிறீர்கள் என்றே இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை. கோயிலில் மடப்பள்ளியில் வெந்த தளிகையை மூடி எடுத்துப்போய், திரை போட்டு, நீர் சுற்றி, முத்திரை காட்டி, மணியடித்து நிவேதனம் செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அது பிரசாதம். பிரகாரத்தில் ஏலம் எடுத்தவர் ஸ்டாலில் விற்கிற முறுக்கும் அதிரசமும் பெரும்பாலும் சந்நிதிப் பக்கமே போகாதவை. ஆபீஸ் ஆயுத பூஜையிலும் அப்படித்தான். இலையில் வைப்பது இரண்டு கைப்பிடி பொரி, கொஞ்சம் கடலை, தேங்காய், வெல்லம். ஊருக்கே பொட்டலம் கட்டுவது மூலையில் நிற்கிற மூட்டையிலிருந்து. தூபம்கூட அங்கே எட்டாது. உங்களுக்குக் கொடுக்கிறவன் சகமனிதன் என்று கொடுக்கிறான். அதற்கு இவ்வளவு பிரேதப் பரிசோதனையா?

பெரோயன்:
தகவலுக்கு நன்றி. உங்கள் பக்கமும் விதி இருக்கிறதே ஐயா, கொடிமரத்தைத் தாண்டி மாற்று மதத்தார் வரக் கூடாது என்று? 2024 ஜனவரியில் பழனி வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பலகையை வைக்கத்தானே உத்தரவிட்டது? அங்கே நல்லிணக்கத்துக்காக ஆகமத்தை வளைத்தீர்களா?

மடப்பள்ளி:
தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கிற மாற்று மதத்தாரை உள்ளே விடலாம் என்று அதிலேயே இருக்கிறது. அரை வரியை மட்டும் எடுத்து வீசுவது உங்கள் வழக்கம் போலிருக்கிறது.

பரணிக்கரை:
கோயில் வாசலுக்கு ஓடுகிறார், பொரியலுக்குப் பதில் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். கொரிந்துவில் பலியிட்ட மிருகத்தின் ஒரு பங்கு பீடத்தில் எரியும், ஒரு பங்கு பூசாரிக்கு, மிச்சம் விருந்துக்கு. அதிலும் மீந்தது சந்தைக்கு வரும், மற்ற கறியோடு கலந்து தொங்கும். பவுல் என்ன சொன்னார்? 1 கொரிந்தியர் 10:25, கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிப் புசியுங்கள். 10:27, அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைப் புசியுங்கள். எருசலேமில் முடிவு எடுத்துப் பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பவுலே பக்கத்து வீட்டுப் பந்திக்குத் தோதாக அதைத் தளர்த்துகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெரோயன்:
28-ஆம் வசனம் எங்கே போனது? இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் புசியாதிருங்கள். ஆயுத பூஜையில் யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதே இல்லை, குங்குமப் பொட்டோடு பிரிண்டர் எதிரில் நிற்கிறது! 10:20-21-ஐயும் விழுங்கிவிட்டீர்கள். கர்த்தருடைய போஜனபந்திக்கும் பேய்களின் போஜனபந்திக்கும் ஒருசேரப் பங்காளி ஆக முடியாது.

மடப்பள்ளி:
பேயா? நல்லிணக்கம் வாழ்க.

மாதாகோயில்தெரு:
இந்த மொழி வேண்டாமே பெரோயன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 ஏட்டில், மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. இந்த மண்ணில் அதற்கு 350 வருஷத்துக்கும் முன்பே தொடங்கிவிட்டோம். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டார். பூணூல், குடுமி, சந்தனம் மூன்றையும் போப் 15-ஆம் கிரகோரி 1623-இல் அனுமதித்தார்.

குமிழிக்காடு:
இதற்காகத்தான் காத்திருந்தேன். அனுமதித்தது பூணூலை. அது எந்த மதத்தோடு நல்லிணக்கம்? சாதியோடு நல்லிணக்கம். ஞானஸ்நானத்தில் குரு எச்சில் தொட்டு வைப்பதை உயர்சாதியார் அருவருப்பார்கள் என்று மதுரை மிஷனில் அந்தச் சடங்கையே விட்டுவிட்டார்கள். சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் போய் நோயில்பூசுதல் கொடுக்கவும் தயங்கினார்கள். 1704-இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் தடை போட்டதில் இந்த இரண்டும் இருந்தன. 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் சொன்ன தீர்வு என்ன? தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனி மிஷனரிகள்! வளைகிற கட்டளை எப்போதும் மேல்நோக்கித்தான் வளைகிறது.

மாதாகோயில்தெரு:
அந்தக் காலத்தை இந்தக் காலக் கண்ணாடியில்...

குமிழிக்காடு:
இரண்டாயிரம் வருஷத்துக் கட்டளையை இந்தக் காலக் கண்ணாடியில் பார்க்கலாம், 1623-ஐப் பார்க்கக் கூடாதா?

பெரோயன்:
குமிழிக்காடு சொன்னதை ஏற்கிறேன். வளைத்தால் இதுதான் கதி.

குமிழிக்காடு:
என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். உங்கள் சபைகளில் தனித்தனிக் கல்லறை எந்தக் கட்டளையில் வருகிறது?

பரணிக்கரை:
எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். நான்கில் மூன்றாவதையும் சேர்த்துக் கேட்கிறேன், நெருக்குண்டு செத்தது. அந்த விலக்குக்குக் காரணமே ரத்தம் வடியாமல் உள்ளே நிற்பது. ஞாயிறு காலை பிராய்லர் கடையில் கூட்டம் நெரியும்போது, கழுத்தை அறுத்த கோழி துடித்து அடங்குவதற்குள் வெந்நீரில் முக்கிவிடுகிறார்கள். அதனால்தான் தோல் சிவந்து, இறக்கை நுனியிலும் கழுத்திலும் ரத்தம் கட்டி நிற்கிறது. யூதர்கள் கறியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, கல்லுப்புத் தடவி ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூன்று முறை அலசுகிறார்கள். ஈரலுக்கு உப்பு போதாது என்று நேரே தீயில் வாட்டுகிறார்கள். கட்டளையைக் காக்கிறவன் அப்படிக் காப்பான். நீங்கள் எத்தனை முறை அலசுகிறீர்கள் சகோ?

பெரோயன்:
நான் யூதன் அல்ல. ஓய்வுநாள் திரியில், ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தக் கூடாது என்கிற கொலோசெயர் 2:16-ஐக் காட்டிக் கேட்டபோது மூன்று வாரம் காணாமல் போனவர் என்னை அலசச் சொல்கிறாரா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பரணிக்கரை:
2:16 போஜனத்தையும் பானத்தையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்றுதான் தொடங்குகிறது. பொரி போஜனம் இல்லையா?

பெரோயன்:
படைத்த பொரி.

மடப்பள்ளி:
மூட்டைப் பொரி ஐயா, மூட்டைப் பொரி.