ட்வின் டப் வாஷிங் மெஷின்: ட்ரையர் உறுமுகிறது, சுற்றவில்லை

நீலவானம்

பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின். துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது, ட்ரையர் பக்கம்தான் தகராறு. டைமரைத் திருப்பினால் 'உம்ம்' என்ற உறுமல் மட்டும் வருகிறது, கூடை அசைவதில்லை. இதற்கு முன்பே வேகம் குறைந்து, துணியில் ஈரம் தங்கிக்கொண்டுதான் இருந்தது. மெஷினுக்கு அடியில், ட்ரையர் பக்கமாக, துரு கலந்த தண்ணீர் சொட்டுகிறது. மூடியைத் திறந்து கூடையைக் கையால் சுற்றினால் ரொம்ப இறுக்கம். மோட்டார் போய்விட்டதா? கெபாசிட்டர் மாற்றினால் போதுமா? மல்டிமீட்டரும் ஸ்பேனர் செட்டும் இருக்கின்றன.

திருப்புளி

உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். சுழலாத மோட்டாரின் காயில் சீக்கிரம் சூடேறும். உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) போனால் இப்போது வரும் உறுமலும் நின்றுவிடும். சில மோட்டார்களில் அது ஆறியதும் தானாகச் சேரும், சிலவற்றில் ஒருமுறை போனால் போனதுதான்.

மூடியைத் திறந்து வைத்துக் கூடையைச் சுற்றிப் பார்த்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூடி திறந்தால் பிரேக் கம்பி தளர்ந்து, ஸ்பிரிங் இழுத்து, பிரேக் கட்டை, தண்டோடு சுழலும் பிரேக் டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் கூடை இறுக்கமாக இருப்பதுதான் சரி. சோதிக்க வேண்டிய முறை வேறு:

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். ட்ரையர் மூடியை மூடியே வையுங்கள். இப்போது பின்பக்கம் வழியாக, மோட்டாருக்கு மேலே இருக்கும் கப்ளிங்கை (மோட்டாரையும் கூடைத் தண்டையும் இணைக்கும் பாகம்) கையால் சுற்றுங்கள். பழுதில்லாத மெஷினில் தள்ளிவிட்டால் சில சுற்றுகள் தானாக ஓடி நிற்கும். இறுக்கமாக இருந்தால் மூன்று காரணங்கள்: பிரேக் கட்டை முழுதாக விலகவில்லை, அல்லது கூடைத் தண்டு புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) துருப்பிடித்துச் சிக்கிவிட்டது, அல்லது மோட்டார் பேரிங் போய்விட்டது.

மூன்றில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. மூடி மூடியிருக்கும்போது பிரேக் கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்க வேண்டும். இருந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் கப்ளிங்கில் கூடைத் தண்டைப் பிடிக்கும் மேல் போல்ட்டைத் தளர்த்திக் கூடையை நேராக மேலே தூக்குங்கள். அதன் பிறகு மோட்டாரைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் இறுகியிருக்கிறதோ அங்கேதான் பழுது.

அடியில் துருத் தண்ணீர் வருகிறது என்பதால் என் சந்தேகம் பெல்லோ சீல் மீதுதான், அதாவது தண்டைச் சுற்றித் தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் மீது. உறுமல் கேட்டால் உடனே கெபாசிட்டரை மாற்றுவது பலருடைய வழக்கம். மாற்றியதும் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் ஒழுகும் தண்ணீர் புஷ்ஷையும் மோட்டாரையும் தின்றுகொண்டே இருக்கும்.

கம்பிச்சுருள்

மின்பக்கத்தை நான் சொல்கிறேன்.

இந்த மோட்டாரில் இரண்டு காயில்கள். ஒன்று நேராக மின்சாரம் எடுக்கும், இன்னொன்று கெபாசிட்டர் வழியாக எடுக்கும். இரண்டிலும் மின்னோட்டம் சற்று முன்பின்னாக வருவதால்தான் காந்தப்புலம் சுழல்கிறது. கெபாசிட்டர் இறந்தால் அல்லது பலவீனமானால் புலம் அதே இடத்தில் துடிக்குமே தவிரச் சுழலாது. அந்தத் துடிப்புதான் உறுமலாகக் கேட்கிறது.

கெபாசிட்டரின் அளவு ட்ரையர் மோட்டாருக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரோஃபாரட், துவைக்கும் மோட்டாருக்கு 9 முதல் 12 வரை. பல மெஷின்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், 10+5 என்று எழுதியிருக்கும். கழற்றும் முன் வயர் நிறங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய இழை பல்பின் இரண்டு வயர்களை அதன் முனைகளில் சில விநாடி வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

ஒரு வயரையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் காயிலும் சேர்ந்து மீட்டர் தவறாகக் காட்டும். எழுதியிருக்கும் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றிவிடுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதைவிடக் கூடிய வோல்ட். வேகம் கூடும் என்று பெரிய கெபாசிட்டர் போட்டால் துணைக் காயிலில் மின்னோட்டம் ஏறி மோட்டார் எரியும்.

மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வரும். இரண்டிரண்டாக ஓம் அளவு எடுங்கள். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வந்தால் காயில் அறுந்து போகவில்லை. பெரிய அளவு வரும் இரண்டு வயர்களுக்கு நடுவில்தான் கெபாசிட்டர் சேரும், மிச்சம் இருப்பது பொது வயர். ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. தண்ணீர் இறங்கிய மோட்டாராக இருப்பதால் மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து 500 வோல்ட்டில் பார்ப்பது நல்லது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயவைத்து மறுபடி அளக்கும்வரை கரண்ட் கொடுக்கவே கூடாது.

நீலவானம்

இருவர் சொன்னபடியும் பார்த்தேன். பிரேக் இடைவெளி இருக்கிறது. கப்ளிங்கைச் சுற்றினால் கரகரவென்று இறுக்கம். 5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 3.4 காட்டுகிறது. காயில் அளவுகள் கூட்டிப் பார்த்தால் சரியாக வருகின்றன, உடலோடு தொடர்பு இல்லை. ஆனால் மேல் போல்ட்டைத் தளர்த்தியும் கூடை மேலே வர மறுக்கிறது.

திருப்புளி

அப்படியானால் கெபாசிட்டர், பெல்லோ இரண்டும் மாற்ற வேண்டும்.

கூடை வராததற்குக் காரணம் தண்டு கப்ளிங்கில் துருவோடு ஒட்டியிருப்பது. அந்த போல்ட் பெரும்பாலும் 10 மி.மீ., அதன் மேல் ஒரு லாக் நட் இருக்கும். லாக் நட்டை முதலில் தளர்த்தி, போல்ட்டைப் பல சுற்று வெளியே எடுங்கள். அரைகுறையாக விட்டால் அதன் முனை தண்டில் வெட்டியிருக்கும் தட்டைப் பகுதியில் மாட்டிக்கொண்டே இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை இணைப்பில் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிரேக் டிரம்மில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள், எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. மறுநாள் ஒரு கையால் கப்ளிங்கைப் பிடித்து, இன்னொருவர் கூடையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே தூக்கட்டும். கீழிருந்து சுத்தியலால் அடித்தால் மோட்டார் தண்டு வளையும், கூடையின் பிளாஸ்டிக் அடியும் விரியும்.

கூடை வந்ததும் தொட்டியின் அடியில் ரப்பர் பெல்லோ தெரியும். நடுவே உலோகப் புஷ், அதன் மேல் சீல். சில மாடல்களில் ஸ்குரூ போட்ட வளையம் பிடித்திருக்கும், சிலவற்றில் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். தண்டின் விட்டமும் தொட்டித் துளையின் அளவும் மாடலுக்கு மாடல் மாறும்.

பலர் கோட்டை விடுவது தண்டில்தான். சீலின் உதடு உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் 600 நம்பர் நீர்த்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து வழவழப்பாக்கலாம். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது, சீக்கிரமே மறுபடி ஒழுகும். அப்போது தண்டோடு சேர்ந்த கூடையையே மாற்றுவதுதான் வழி.

தொட்டிப் பள்ளத்தில் சோப்புக் கசடு இல்லாமல் துடைத்த பிறகு பெல்லோவைப் பொருத்துங்கள். சீல் உதட்டிலும் புஷ்ஷிலும் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் சோப்புத் தண்ணீரில் போய்விடும். கூடையை இறக்கும்போது தண்டின் தட்டைப் பகுதி போல்ட்டுக்கு நேரே வரட்டும். இறுக்கி, லாக் நட்டையும் இறுக்குங்கள். தட்டையில் உட்காராத போல்ட் ஓட்டத்தில் நழுவும். மோட்டார் சுற்றும், கூடை நிற்கும்.

கூடை வெளியே இருக்கும்போதே மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகளையும் ரப்பர்களையும் பாருங்கள். ஒன்று அமுங்கியிருந்தால் கூடை சாய்ந்து சுற்றும், புதுப் புஷ்ஷும் ஒருபக்கமாகத் தேயும்.

சலவைக்கல்

மூடி ஸ்விட்சை நேராக இணைத்துவிட்டால் மூடியைத் திறந்து வைத்தே ஓட்டிச் சோதிக்கலாமே? எங்கே இறுகுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கம்பிச்சுருள்

வேண்டாம். கூடை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 - 1,400 சுற்று போகும். சுற்றும் துணியில் விரல் சிக்கினால் கையையே முறுக்கி இழுத்துவிடும். மூடியைத் திறந்தால் பிரேக்கும் பிடிக்கும் என்பதால் நீங்கள் நினைக்கும் சோதனை நடக்கவும் நடக்காது, பிரேக்கும் மோட்டாரும் ஒன்றையொன்று எதிர்த்துச் சூடேறும். ஸ்விட்ச் பழுது என்று சந்தேகம் வந்தால் பிளக் இல்லாமல் அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள்: மூடினால் தொடர்பு, திறந்தால் துண்டிப்பு. உறுமலே இல்லாமல் அமைதியாக இருக்கும் ட்ரையருக்குத்தான் அந்தச் சோதனை முக்கியம். அங்கே ஸ்விட்ச், டைமர், எலி கடித்த வயர், தெர்மல் ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள்.

நீலவானம்

பெல்லோவும் கெபாசிட்டரும் போட்டாயிற்று. கூடை லேசாகச் சுற்றுகிறது. பின்பக்கத்தை மூடும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

திருப்புளி

ஒழுக்குச் சோதனை. பிளக் போடாமல், வடிகால் குழாயை மேலே தூக்கிக் கட்டி, ட்ரையர் தொட்டியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் மோட்டார் மேலே ஒரு சொட்டுகூட விழக் கூடாது. கப்ளிங்கைக் கையால் சுற்றிக்கொண்டும் பாருங்கள். தண்டு அசையும்போது மட்டும் கசியும் சீல்களும் உண்டு.

பிறகு குழாயை இறக்கித் தண்ணீரை வடித்து, மோட்டாரின் பச்சை எர்த் வயர் இருந்த இடத்தில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துப் பின்பக்கத்தை மூடுங்கள். முதலில் துணி இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டத்தில் மூடியைத் தூக்கினால் சில விநாடிகளில் கூடை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பிரேக் கம்பியைச் சரிசெய்த பிறகுதான் துணி போடலாம்.

வடிகால் குழாயை எப்போதும் தரையோடு விடுங்கள். உயரத்தில் மாட்டியிருந்தால் தண்ணீர் ட்ரையர் தொட்டியில் தேங்கும். கூடை அந்தத் தண்ணீருக்குள் சுற்றும்போது வேகம் எடுக்காது, மோட்டார் சூடேறும், சீலும் எந்நேரமும் நீரில் ஊறும். கூடைக்கும் தொட்டிக்கும் நடுவே விழுந்த காலுறை, கைக்குட்டை ஏதாவது வடிகால் வாயை அடைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். துணியை அழுத்திச் சமமாகப் பரப்பி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை வைத்தே ஓட்டினால் எதுவும் வெளியே ஏறி விழாது.