எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வேலை கத்துக்க வழி சொல்லுங்க
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். ஊர் காவேரிப்பட்டினம். பெங்களூர்ல ஸ்கூட்டர் வாடகைக்கு விடுற கம்பெனியில 6 வருஷமா மெக்கானிக். பெட்ரோல் வண்டியை எல்லாம் எடுத்துட்டு எலக்ட்ரிக் வண்டி இறக்குறாங்க. எங்க ஷெட்ல என்னையும் சேர்த்து 11 பேரை நிறுத்திட்டாங்க.

இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிடுவேன். புது வண்டியில சத்தமே இல்ல. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் புதுசாக் கத்துக்கணும். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நல்லா சொல்லிக்கொடுக்கிற இடம் எது? சாயங்கால வகுப்புன்னா நல்லது, பகல்ல மாங்கா மண்டியில லோடு ஏத்துறேன். ஓசூர் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஆலையில 34 வயசுக்காரனை எடுப்பாங்களா?

இன்னொண்ணு. ஆள்குறைப்புன்னா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு சட்டத்துலயே இருக்கு. எங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் மட்டும் கொடுத்து, தானா விலகுறேன்னு கையெழுத்து கேட்கிறாங்க. நான் இன்னும் போடல. தொழிலாளர் வழக்கு தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.