டைக்ளோஃபினாக் மாட்டுக்கு ஒத்துக்குது, பாறு கழுகுக்கு மட்டும் ஏன் விஷம்?

சீகூர்க்காரன்:
முன்னாடியெல்லாம் மாடு காய்ச்சல்ல படுத்தா டைக்ளோஃபினாக் ஊசி தாங்க போடுவாங்க, இப்ப கேட்டா தடை, பாறு செத்துப்போகும்ங்கறாங்க. அதே மருந்தை நாம மூட்டு வலிக்கு முழுங்கறோம், மாட்டுக்கும் ஒண்ணும் ஆகறதில்ல, செத்த மாட்டு கறியில மிஞ்சறது துளியூண்டு தானே. அளவு தான் விஷம்னு படிச்சிருக்கோம், அப்ப அந்த துளி எப்டிங்க அவ்ளோ பெரிய பறவைய கொல்லும்?

கால்நடை_டாக்டர்:
அளவு தான் விஷம், சரி தான், ஆனா யார் உடம்புக்கு எவ்ளோன்னும் சேர்த்து கேக்கணும். வெண்முதுகுப் பாறுக்கு கிலோவுக்கு 0.1 - 0.2 மில்லிகிராம் உள்ள போனாலே பாதிக்குப் பாதி பறவைங்க செத்துடும். நாம முழுங்கற 50 மில்லிகிராம் மாத்திரைய 60 கிலோ ஆளுக்கு வகுத்து பாருங்க, கிலோவுக்கு 0.8 வருது! நமக்கு வலி மாத்திரை, அதுக்கு சாவு. அதோட உடம்பு இந்த மருந்தை சீக்கிரம் வெளிய தள்ளாது, கிட்னி அடிவாங்கிடும். பறவைங்க கழிவ நம்மள மாதிரி யூரியாவா இல்லாம யூரிக் ஆசிடா தான் வெளியேத்தும், கிட்னி நின்னா அது ரத்தத்துல ஏறி ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசுன மாதிரி படிஞ்சிடும், ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சிடும். எல்லா கழுகுக்கும் இப்டி இல்ல, அமெரிக்காவுல இருக்கற டர்க்கி வல்ச்சருக்கு இதுல நூறு மடங்குக்கு மேல குடுத்தும் ஒண்ணும் ஆகல.

மாயாறு_பறவை:
மொதல்ல ஏதோ வைரஸ் நோய்னு தான் தேடுனாங்க, பாகிஸ்தான்ல செத்த பாறுகள அறுத்து பாத்து 2004ல தான் மருந்துன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள எவ்ளோ போயிடுச்சு... இந்தியாவுல 1992லருந்து 2007க்குள்ள வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிஞ்சிடுச்சு, நெனச்சாலே மனசு ஆறமாட்டேங்குது. அதுக்கு எல்லா பொணத்துலயும் மருந்து இருக்கணும்னு இல்லைங்க, சில நூறுல ஒண்ணுல இருந்தாலே போதும்னு கணக்கு போட்டு காட்டிருக்காங்க, ஏன்னா ஒரே மாட்டுல கூட்டமா எறங்கி திங்கும், வருஷத்துக்கு ஒரே முட்டை தான் வைக்கும், ஈடுகட்டவே முடியாது.

சீகூர்க்காரன்:
இப்பதாங்க புரியுது. அப்ப அசெக்ளோஃபினாக் போடலாமா, மெடிக்கல்ல குடுக்கறாங்களே?

கால்நடை_டாக்டர்:
வேண்டவே வேண்டாம். மாட்டு உடம்புக்குள்ள போனதும் அது டைக்ளோஃபினாக்கா மாறிடும், அதனால தான் 2023ல அதையும் கீட்டோப்ரோஃபென்ங்கற இன்னொரு வலி மருந்தையும் மாட்டுக்கு தடை பண்ணாங்க. டைக்ளோஃபினாக்குக்கு 2006லயே தடை வந்தும் மனுஷங்களுக்கான பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கு போட்டுட்டு இருந்தாங்க, 2015ல தான் அத 3 மில்லி ஆக்குனாங்க. மெலாக்ஸிகாம், டோல்ஃபெனாமிக் ஆசிட் ரெண்டும் பாறுக்கே குடுத்து சோதிச்சு பாத்தது, டாக்டர்கிட்ட அதையே கேட்டு வாங்குங்க. வேற வலி ஊசி போட்ட மாடு செத்துட்டா காட்டோரம் போட்றாதீங்க, ஆழமா குழி தோண்டி பொதைச்சிடுங்க.